கண்ணை மூடச் சொன்ன டீச்சர்

என் ஆசை நைனாவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்நேரம் போன் போட்டிருப்பேன். தேஜு இன்றைக்கு என் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள் நைனா, என் முகத்தைப் பார்க்காமலேயே!

யார் அவள் என்கிறாயா? என் எல்.கே.ஜி. குழந்தை. நம்ம அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்கு வேனில் வருகிறாள். காது கூர்மையாகட்டும் என்று, தினமும் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு கதை சொல்வேன். இவள் மட்டும் திறந்து திறந்து என்னைப் பார்ப்பாள். அதட்டினால் அழுவாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் அசையவே மாட்டாள். காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் கவனம்தான் இல்லை என்று முடிவுகட்டி, அடுத்த வருஷமும் எல்.கே.ஜி.யிலேயே இருக்கட்டும் என்று அவள் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "ஊட்ல நாலு பவர்லூம் ஓடிக்கினு இருக்குது டீச்சர். கூப்ட்டா எங்களுக்கே கேக்காது. மூஞ்சியப் பாத்துதான் பேசிக்குவோம். கண்ண மூடிட்டா அவளுக்கு எப்டி கேக்கும்?" என்றாள்.

எனக்குக் கூசிப்போயிற்று. நீயும் தறி ஓடும்போது என் தோளைத் தொட்டுத் திருப்பி, சாப்பிட்டாயா என்று உதட்டசைவில்தானே கேட்பாய்? அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இது எப்படி மறந்தது?

முடிவைத் தள்ளிவைத்தேன். கதை நேரத்தில் அவளை என் எதிரிலேயே உட்காரவைத்தேன். யாரும் கண்ணை மூட வேண்டாம் என்றேன். நடுநடுவே ஸ்லேட்டால் வாயை மறைப்பேன். அவள் தவித்தால் எடுத்துவிடுவேன். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்லிப் பார்த்தேன். இப்படியே ஒரு மாதம். இன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால், பீரோ ஓரமாக நின்று, குரலை உயர்த்தாமல், ஆட்டுக்குட்டி எங்கே போச்சு என்று கேட்டேன்.

மற்ற பிள்ளைகளை முந்திக்கொண்டு தேஜு திரும்பினாள். "கெணத்தாண்ட போச்சு டீச்சர்."

சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன். அவள் உதட்டில் விரலை வைத்து, "கத்தாத டீச்சர், கத இன்னும் முடில" என்றாள். வகுப்பே சிரித்தது.

இனி எந்தக் குழந்தையைப் பற்றியும், அதன் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை எழுதமாட்டேன் நைனா. நாளைக்கு நானே தேஜு வீட்டுக்குப் போய், உங்கள் பெண் யு.கே.ஜி. போகிறாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். தறிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. பரவாயில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.

உன் பெரிய பொண்ணு,
கலா