ஆறாவது மணி நேரம்

மார்ச் 3

என்னங்க,

நலம்தானே? இருமல் நின்றதா? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். அது நின்றதற்கா, நிற்காததற்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. அதனால்தான் கடிதம்.

முதல் செய்தி. பிப்ரவரியில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்து ஆட்கள் உங்கள் படகின் முன்னால் கேமராவைக் கட்டி, அக்கரைக்கும் இக்கரைக்கும் நீங்கள் போய்வந்ததை ஒரு நாள் முழுக்கப் படமெடுத்தார்களே, அது இந்தச் சனிக்கிழமை ஒளிபரப்பாகிறது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. ஒரு வெட்டு கிடையாது, பாட்டு கிடையாது, வர்ணனை கிடையாது. நிதானமான நிகழ்ச்சியாம். இயக்குநரின் பிடிவாதம், பொறுப்பு என் தலையில். படகோட்டி என் வீட்டுக்காரர் என்று ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்பது மணி நேரத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? சத்தத்தை அடைத்துவிட்டு, எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டிச் சரிபார்த்தேன். தண்ணீர், கரை, தண்ணீர், கரை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. அதற்கே கொட்டாவி.

இரண்டாவது செய்தி உங்களுக்குத் தெரியும். விவாகரத்துப் பத்திரத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். ஏழு மாதம் யோசித்தது போதும், போட்டு அனுப்புங்கள்.

இன்னும் சட்டப்படி,
உங்கள் மனைவி


மார்ச் 6

அன்புள்ள உனக்கு,

பத்திரம் வந்தது. இருமல் இல்லை. சனிக்கிழமை எனக்கு வேலை, பார்க்க முடியாது. பார்க்க என்ன இருக்கிறது, தினமும் பார்க்கிற தண்ணீர்தானே.

குறிகளைப் பார்த்தேன்.

நான்


மார்ச் 11

என்னங்க,

இங்கே ஊரே புரண்டு கிடக்கிறது!

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சனிக்கிழமை தொலைபேசிக்கு ஒரே ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தோம். மதியத்துக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு தையல்காரர் உங்கள் எஞ்சின் தாளத்துக்கே மெஷினை மிதித்துப் பதினொரு சட்டை தைத்தாராம். அக்கா தங்கை இருவர், கம்பத்தில் உட்கார்ந்திருந்த பறவை மூன்றாவது நடையில் பார்த்ததேதானா, வேறா என்று சண்டை போட்டுக்கொண்டு எங்களைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். கால் ஒடிந்து படுத்திருக்கும் ஒருவர், "கரை வர்றப்பல்லாம் நானும் இறங்கத் தயாராயிடறேன் மேடம், சிரிக்காதீங்க" என்றார். எதுவுமே நடக்காத ஒன்றை ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறார்கள்? எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அதோடு எல்லோரும் ஒரே கேள்வி. "அந்தப் படகுக்காரர் யார்கிட்டங்க பேசிட்டே இருக்கார்?"

பேசுகிறாரா? நீங்களா? கல்யாணமான ஒன்பது வருஷத்தில் நீங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மதியத்துக்குக் காணாதே! விசாரித்தேன். எஞ்சின் சத்தத்துக்காக ஒலிப்பதிவாளர் நீங்கள் படகோட்டுகிற அறையில் சுக்கானுக்குப் பக்கத்தில் மைக் வைத்தாராம். நான்தான் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தவளாயிற்றே. ஊருக்கெல்லாம் கேட்டது எனக்கு மட்டும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு அம்மா கூப்பிட்டார். "ஆறாவது மணி நேரத்துல, கோச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றதுன்னு பேசிப் பாக்கறாரே, பாவம். சொல்லிட்டாராம்மா?"

போனை வைத்துவிட்டேன். இன்னும் நான் கேட்கவில்லை. கேட்கட்டுமா?

உங்கள் மனைவி


மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

மானம் போயிற்று. அது எஞ்சினுக்கு வைத்த கருவி என்றல்லவா நினைத்தேன்! தயவு செய்து கேட்காதே. மறு ஒளிபரப்பு உண்டென்றால் அந்த இடத்தை வெட்டிவிடு.

இப்போது படகில் ஏறுகிறவர்கள் ஆற்றைப் பார்ப்பதில்லை, என் வாயைப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "பேசுங்க சார், இதுக்காகவே ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்" என்றார். வழக்கமாகத் துறை நெருங்கும்போது, "மெதுவா, மெதுவாடா செல்லம், இன்னும் கொஞ்சம்" என்று படகிடம் சொல்லிக்கொண்டேதான் அணைப்பேன். அவர் காதில் விழுமே என்று அதைச் சொல்லாமல் அணைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் துறையில் இடித்துவிட்டேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

பத்திரம் மேஜைமேல்தான் இருக்கிறது. நீ வேண்டுமென்றால் போட்டுவிடுகிறேன்.

இதை எழுதி மூன்று நாளாக அனுப்பாமல் வைத்திருந்தேன். இப்போது ஒன்று சேர்க்கிறேன். கேட்டே தீருவேன் என்றால் முழுசாகக் கேள். வேகமாக ஓட்டாதே.

நான்


மார்ச் 28

என்னங்க,

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

முதல் மணி நேரம் கை சும்மா இருக்கவில்லை. நாலு தடவை ரிமோட்டை எடுத்தேன், வைத்தேன். அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, அடுத்து என்ன சொல்வீர்களோ என்று காத்திருக்கப் பழகிவிட்டேன். எஞ்சினைத் திட்டுகிறீர்கள், காற்றோடு வழக்காடுகிறீர்கள், லேட்டாக ஓடிவரும் ஒருவருக்காகக் கயிற்றை அவிழ்க்காமல், "வாங்க, வாங்க, விழுந்துடாதீங்க" என்று முனகுகிறீர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பாதி ஆறு கடந்துவிடுகிறது!

ஆறாவது மணி நேரம். என் குரலில் பேசிக் காட்டினீர்கள் பாருங்கள், மூக்கால் பேசுகிற மாதிரி, சிரித்துப் புரையேறிவிட்டது. அப்புறம் இதைச் சொன்னீர்கள்: "உனக்கு வேலை கிடைச்சுதுன்னு வந்து சொன்னியே, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ எழுந்து போயிட்டே." நான் அழுதேன். வேறெப்படிச் சொல்வது, அழுதேன்.

நேற்று முன்தினம் மறு ஒளிபரப்பு. வெட்டவில்லை. வெட்டினால் நிகழ்ச்சியே பொய். ஆனால் நீங்கள் என்னிடம் பேசுகிற அந்த நாற்பது நிமிஷத்துக்கு மட்டும் சத்தத்தை அடைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும் போயிற்று. போன் பொறி பறந்தது. தையல்காரர், "எனக்குத் தாளமே போச்சுங்க" என்று கத்தினார். பழுது என்றேன். இயக்குநர் கூப்பிட்டு எந்தப் பழுது என்றார். அந்தப் படகோட்டி என் வீட்டுக்காரர், அவர் பேசியது எனக்கு, ஒரு தடவை எல்லாரும் கேட்டது போதும் என்றேன். "பழுதுன்னே எழுதிடுங்க" என்றார்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிழிக்கவும் சொல்லவில்லை.

ஏனென்றால் உங்கள்மேல் ஒரு கோபம் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் பேசுகிற மாதிரியே பேசிவிட்டு, கடைசியில் என் குரலிலேயே, "எனக்கு உங்களைப் பிடிக்காமப் போச்சு" என்றீர்களே, அதை நான் எப்போது சொன்னேன்? ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

வரும் ஞாயிறு காலை முதல் நடையிலேயே உங்கள் படகில் ஏறுகிறேன். அந்த இடத்தில் நான் என்ன சொல்வேன் என்பதை என்னிடமே கேளுங்கள். கேட்க எத்தனை நடை ஆனாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மனைவி