போனில் தெரியாத முதுகு

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள். இங்கேயும் அப்படியே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது தெருமுனை மருந்துக்கடைக்காரர். இருமல் மருந்து வாங்க வந்திருக்கிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு நெஞ்சு அடைப்பை எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து எடுத்தபோது ரொம்ப நேரம் உள்ளே வைத்திருந்தார்களே, நீ அங்கேயும் நான் கதவுக்கு வெளியேயும் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தோமே, அவ்வளவு நேரமும் எக்ஸ்ரே அவள் முதுகில் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. அடைப்பு அப்படிப்பட்டதாம், பாதியில் விட்டிருந்தால் ஆள் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவளிடம், முதுகைப் பார்த்துக்கிட்டே இருங்க, மாசம் கழிச்சு சிவந்தாலும் நேரா இங்கதான் வரணும் என்று சொல்லியிருக்கிறாள். நான் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தேன். இவள் என்னிடம் மூச்சு விடவில்லை. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாகச் சிவந்தது. கேட்டதற்கு அரிப்பு என்றாள். மருந்துக்கடைக்காரர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார், அதையும் எழுதுங்க என்றேன், தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறார், பாவம், காட்டாமல் வாயால் சொன்னால் அவர் என்ன செய்வார். அப்புறம் தோல் டாக்டர். அவரிடமும் நெஞ்சு விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் பரிசோதனைக்குத் துளி சதை வெட்டி எடுத்தார், வெட்டிய இடம் மூடவே இல்லை, புண்ணாகிவிட்டது. பிறகுதான் நர்ஸ் சொன்னதையே என்னிடம் சொன்னாள், நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இது எக்ஸ்ரே சுட்ட புண்ணு, முதல்லயே வந்திருந்தா இதுல கத்தியே வச்சிருக்க மாட்டோமேம்மா என்றார்.

இப்போது மறுபடி அடைப்பு. புண்ணு மேல படாம மெஷினைத் திருப்பி வச்சுக்கலாம், விட்டு விட்டுத்தான் எக்ஸ்ரே போடுவோம், எவ்வளவு படுதுன்னு பார்த்துக்கிட்டே செய்வோம் என்று டாக்டர் சொல்கிறார். இவள் மாட்டேன் என்கிறாள். நான் பேச்செடுத்தால், ஆனா ஆவன்னா தெரியாதவரு எனக்கு எக்ஸ்ரே பாடம் நடத்துறீங்களா என்று வாயை அடைக்கிறாள். பயம் என்றுதான் நினைத்தேன். பயமில்லை பாப்பா. அன்றைக்கு வேண்டாம் என்றவளை நீதானே போனில் அழுது சம்மதிக்க வைத்தாய். மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தால் நீ ஓடி வருவாய், முதுகைப் பார்ப்பாய். நான்தானே அம்மாவை இதுல தள்ளிவிட்டேன்னு காலம் பூரா அவ மனசு வேகும், எனக்கு வேண்டாம் என்கிறாள். நீ அழுததால்தான் என்னை அதட்ட அவள் இருக்கிறாள். அதைச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. மல்லாந்து படுக்க முடியாது, சாய முடியாது. என் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்துத்தான் கண்ணயர்கிறாள். நான் அசைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பவுடர் போட்டுக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். போனில் முகம்தானே தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த முறை எப்படி இருக்கேம்மா என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். கொஞ்சம் திரும்பி உட்காரும்மா என்று சொல். துணியை நான் விலக்கிக் காட்டுகிறேன். என்னைத் திட்டுவாள், திட்டட்டும். நீ பார்த்துவிட்டால் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணம் இருக்காது. பார்க்கும்போது மட்டும் அழாதே பாப்பா. போனை வைத்த பிறகு அழு. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இப்படிக்கு,
பெருவிரல் ரேகை வைத்திருக்கும் உன் அப்பா