தபாலில் வந்த பத்திரிகை

சூளகிரி
28-4-2024

அன்புள்ள குரு,

நானும் முனிலட்சுமியும் மகள் மாதேஸ்வரியும் சௌக்கியம். உன் தொடையில் தங்கிப்போன இரும்புத் துண்டு இந்த வெயிலுக்குக் குடைச்சல் கொடுக்கிறதா? என் காது வழக்கம்போலத்தான். கம்பெனி கேட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் மற்ற செக்யூரிட்டிகள் துள்ளுகிறார்கள். நான் மட்டும் தியானத்தில் இருப்பவன்போல நிற்கிறேன். கார்கிலில் பக்கத்தில் விழுந்த ஷெல் செய்த ஒரே உபகாரம் அது. போனில் பேச முடியாத செவிடனுக்கு இத்தனை வருஷமாகச் சலிக்காமல் கடிதம் எழுதுகிறவன் நீ ஒருத்தன்தான்.

இனி சண்டைக்கு வருகிறேன். உன் மகள் பிரியதர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை நேற்று தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஸ்டாம்ப் ஒட்டி, அழகாக அனுப்பியிருக்கிறாய். பட்டாளத்தில் நம் செக்‌ஷனில் இருந்த ஆஞ்சப்பன் வீட்டுக்கு மட்டும் வெற்றிலை பாக்குத் தட்டோடு குடும்பமாகப் போய்ப் பத்திரிகை வைத்தீர்களாம். அவனே போட்டோ அனுப்பினான். வேப்பனப்பள்ளி வரைக்கும் போன கார் சூளகிரிக்கு வராதா? வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிற ஆட்களுக்குத்தான் பத்திரிகையைத் தபாலில் போடுவார்கள். நான் அந்த ரகமா?

வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

முனிராஜ்


காவேரிப்பட்டினம்
4-5-2024

பிரியமுள்ள முனிராஜ்,

உனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. நான் மறக்கவில்லை. சூளகிரிக்கு வந்தால் உன் காலனிக்குள் வர வேண்டும். வந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முனிலட்சுமி கையால் சாப்பிடாமல் எழ முடியாது. எனக்கு அதில் ஒன்றுமில்லை, மலையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். ஆனால் பத்திரிகை வைக்கப் போகும் வண்டியில் அம்மாவும் இருக்கிறார், பெரியப்பா மகன்களும் இருக்கிறார்கள். அவர்கள் காலனிக்குள் கால் வைக்க மாட்டார்கள். பெண் கல்யாணம் முடிகிறவரை யாரோடும் மோத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒன்று செய். முதல் நாள் மாலை கிருஷ்ணகிரி மண்டபத்தில் ரிசப்ஷன். நல்ல கூட்டம் வரும், பஃபே சாப்பாடு. குடும்பத்தோடு அதற்கு வந்துவிடு. உன்னை மேடைக்கு அழைத்துப் போட்டோ எடுக்கிறேன். மறுநாள் முகூர்த்தமும் பந்தியும் சொந்தக்காரர்கள் சமாசாரம். கோபித்துக்கொள்ளாதே. அடிபட்டுக் கிடந்த என்னை முதுகில் சுமந்து மலையிலிருந்து இறக்கியவன் நீ. இதையும் கொஞ்சம் சுமந்துகொள்.

உன் குரு


சூளகிரி
9-5-2024

குருமூர்த்திக்கு,

உன்னைச் சுமந்து இறக்கியதை நான் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? பேச்சை எடுத்தது நீ. அன்றைக்கு அந்த இடத்தில் யார் கிடந்திருந்தாலும் தூக்கியிருப்பேன். அதற்குக் கூலியாகப் பந்தியில் இடம் கேட்கவில்லை. சிநேகிதன் என்ற முறையில் கேட்கிறேன்.

கூட்டத்தோடு கூட்டமாக வந்து, தட்டை ஏந்திச் சாப்பிட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போ என்கிறாய். யூனிபார்ம் போட்டிருந்த வரைக்கும் நான் முனிராஜ், ஊருக்குத் திரும்பியதும் காலனிக்காரன். எத்தனையோ பேர் என்னை அப்படி நடத்தினார்கள், தூசியைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போனேன். நீ செய்ததைத் தட்டிவிட முடியவில்லை, குரு. வலிக்கிறது. முனிலட்சுமி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இந்த மனுசன் கடுதாசி வந்தாத்தான் தெரு பூரா காட்டிக்கினு திரிஞ்சியா?" என்று என் காதருகில் கத்தினாள்.

நான் வந்தால் முகூர்த்தத்துக்கு வருவேன். அதற்கு நீ என் வீட்டுக்கு வந்து தட்டு வைக்க வேண்டும். வாசலோடு திரும்பக் கூடாது. உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முடியாதென்றால் இனிமேல் கடிதமும் வேண்டாம். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

முனிராஜ்


காவேரிப்பட்டினம்
20-5-2024

முனிராஜ்,

உன் கடிதம் மணிமேகலை கையில் சிக்கிவிட்டது. அன்று முழுக்க வசவுதான். "ஏந் தாலி தங்குனதே அந்தண்ணனாலதான். அவரப் போயி ரிசப்ஷன்ல தின்னுட்டுப் போன்னு எழுதியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள்.

அதோடு விட்டாளா? அவளுக்குக் கூடப் பிறந்த ஆண் கிடையாது. பிரியதர்ஷினிக்குத் தாய்மாமனாக நிற்க, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தரைப் பேசி வைத்திருந்தோம். நேற்று உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது நடுவீட்டில் நின்று சொன்னாள்: "எம் பொண்ணுக்கு மாமன் முனிராஜ் அண்ணன்தான். அவரு மால போட்டு, நெத்தியில பட்டம் கட்டி, மணையில உக்கார வெக்கலன்னா நான் மேட ஏற மாட்டேன்." பெண்ணும் அம்மா பக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஓசூர்க்காரர்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றுவிட்டார்கள்.

அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெரியப்பா மகன்கள், அவன் மேடை ஏறினால் நாங்கள் இறங்குவோம் என்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் கடிதம் வராத வீட்டில் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. நான் எழுதியது தப்பு. ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறோம். முனிலட்சுமியைக் களி கிண்டி, கோழிக்குழம்பு வைக்கச் சொல். உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவேன்.

உன் குரு


சூளகிரி
14-6-2024

அன்புள்ள குரு,

கல்யாணக் களைப்புத் தீர்ந்ததா? நீ மேடையில் ஹோமப் புகைக்கு நடுவில் புரோகிதர் சொன்னபடியெல்லாம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாய். கீழே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நானும் முனிலட்சுமியும் சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்ததும் உன் பெரியப்பா மகன்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது உன் அம்மா எழுந்து வந்து அவர்களை மறித்தார். நீங்கள் என் வீட்டில் களி சாப்பிட்டபோது காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த அதே வெங்கடம்மாள்! அவர் வாய் அசைந்தது, கை வீசியது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முனிலட்சுமிதான் பிறகு சொன்னாள். "ஏம் பேத்திக்கு மாமன் சீரு வர்ற நேரத்துல எழுந்து போறவன் இனிமே என் ஊட்டு வாசல மிதிக்க வேணாம். உக்காருங்கடா!" என்றாராம். ஒன்றிரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாளில் அவர் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தன் வீட்டுக் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்டு போவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்றே இருக்கட்டும். மாமன் என்று சொன்னாரே! எனக்கு அது போதும்.

பிரியதர்ஷினி தலையைத் தாழ்த்தினாள். மாலை போட்டு, பட்டம் கட்டினேன். அவள் கையைப் பிடித்து மணைக்கு அழைத்துப் போனபோது அந்த மண்டபமே என்னைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன். மலையைப் பிடித்த அன்றைக்கும் நாம் ஜெயித்தோம், ஆனால் நம் ஆட்கள் கீழே வரிசையாகக் கிடந்தார்கள், அழுகைதான் வந்தது. இந்த ஜெயத்தில் யாரும் சாகவில்லை குரு. முழுசாகச் சந்தோஷப்பட்டேன்.

உன் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மிரட்டிவிட்டு வந்தேன். மாமனுக்கு அந்த உரிமை உண்டாம். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் தங்கச்சி மணிமேகலையை இனி ஒரு வார்த்தை அதட்டிப் பார், கேட்பதற்கு அண்ணன் இருக்கிறான்.

உன் மச்சான்,
முனிராஜ்