வண்டியை எடுக்க வேண்டாம், மாப்பிள்ளை

புதன்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. வெள்ளிக்கிழமை அவளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க நம் வேனில் மலை இறங்காதீர்கள். வேனை ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம். காரணம் கீழே இருக்கிறது. படிக்கப் பொறுமை இல்லையென்றால் இத்தோடு கடிதத்தை மடித்துவிட்டு, உங்கள் சர்வே முகாம் ஆபீஸில் போய் வேறு வண்டி கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜினில் ஏதோ சத்தம் என்று என் பட்டறைக்கு வந்தீர்கள் அல்லவா? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் பரீட்சை வைத்தேன். "எங்க, சொல்லுங்க பார்ப்போம், சத்தம் எப்படி இருக்கு? வண்டி வச்சிருந்தா மட்டும் போதுமா, அது பேசுறது புரிய வேணாமா?" என்றேன். நீங்கள் தலையைச் சாய்த்து நின்று கேட்டுவிட்டு, "டிக் டிக்குன்னு தையல் மெஷின் மாதிரி கேக்குது மச்சான்" என்றீர்கள். நானும் பெரிய மேதாவியாட்டம், "பாஸ் பண்ணிட்டீங்க, அது டாப்பெட் சத்தம்தான், வால்வு இடைவெளி கூடியிருக்கு" என்று உங்கள் தோளில் தட்டினேன்.

மாப்பிள்ளை, அது பரீட்சை இல்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

இரண்டு வருஷமாகிறது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது பக்கம் ஆள் கிட்டே வந்து பேசினால், உதட்டையும் பார்த்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றுவேன். வருகிற எல்லாருக்கும் இதே பரீட்சைதான். சத்தத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து வைத்தியம் பார்ப்பேன். மீதியை இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வில் பிடிப்பேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. "எங்க மச்சான் காதை வச்சா இன்ஜின் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிரும்" என்று நீங்களே முகாமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அப்படிப் பேர் வாங்கினவன் எனக்குக் காது கேட்காது என்று எந்த வாயால் சொல்வான்? சொன்னால் மறுநாள் எவன் வண்டியை விடுவான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு டாப்பெட் இடைவெளியைச் சரி செய்தபின், "இன்னும் லேசா கேக்குதே" என்றீர்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்திருந்தால், அந்த டிக் டிக்குக்கு அடியில் டொக் டொக்கென்று சுத்தியலால் தட்டுகிற இன்னொரு சத்தம் இருப்பது உங்கள் காதுக்கே தெரிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? பழைய இன்ஜின்தானே என்று கெட்டி ஆயிலாகப் பார்த்து ஊற்றினேன். சத்தம் அடங்கிவிட்டது. "மந்திரம் போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினீர்கள். மந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. கத்துகிற வாயில் துணியை அடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை பட்டறைக் குப்பையை அள்ளும்போது உங்கள் வேனில் கழற்றிப் போட்ட பழைய ஆயில் ஃபில்டர் கையில் அகப்பட்டது. ஊரார் வண்டி என்றால் அன்றே அறுத்துப் பார்த்திருப்பேன். நம்ம வண்டிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறேன். நேற்றுதான் அறுத்தேன். மடிப்புக்கு மடிப்பு செம்பு நிறத்தில் தூள் மின்னியது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்கும். அது பிஸ்டன் ராடைத் தாங்குகிற பேரிங் தேய்ந்து உதிர்ந்த தூள். மேல் பூச்சு போய் அடிச்செம்பு தெரிகிறதென்றால் அந்தப் பேரிங் எந்த நேரமும் போய்விடும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன கியரில் இன்ஜின் இழுத்துப் பிடித்தபடி இறங்குகிற பாதை அது. நடுவில் பேரிங் போனால் பிஸ்டன் ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜின் இறுகிவிடும். இன்ஜின் உதவி இல்லாமல் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பக்கத்து சீட்டில் ஒன்பது மாத வயிற்றோடு அவள் உட்கார்ந்திருப்பாள். சத்தம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சத்தம் வராது. வராதபடி நான்தான் அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

நேற்றே முகாம் ஆபீஸுக்கு போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். "சர்வேயர்கிட்ட சொல்லுங்க, வேனை எடுக்கக் கூடாது" என்று மூன்று தடவை கத்தினேன். எதிரே சரி என்றார்களா, ராங் நம்பர் என்றார்களா, ஒன்றும் தெரியவில்லை. அப்போதே எதிர்க்கடை டயர்க்காரரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்று காலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்று, "எனக்குக் காது கேக்காதுண்ணே, எனக்காகப் பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். "அட, அது எங்களுக்கெல்லாம் தெரியுமே" என்றார் மனுஷன். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஆனால் மழையில் முகாம் லைன் அறுந்துவிட்டதாம். என் வெட்கத்துக்கு ஒரு நாள் பலி. அந்த ஒரு நாளுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

முகாமுக்குச் சாமான் கொண்டுபோகிற லாரி நாளைக் காலை கிளம்புகிறது. நானும் வருகிறேன் என்று டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வெளியாளை ஏற்றினால் வேலை போய்விடும் என்று கையை விரித்துவிட்டார். கடிதத்தை மட்டும் கொண்டுவருகிறார். ஒட்டாமல்தான் கொடுக்கப்போகிறேன். அவரும் படிக்கட்டும், முகாம் கேட்டில் நிற்கிறவரும் படிக்கட்டும், நாளைக்கே என் பட்டறை காலியானாலும் ஆகட்டும். யார் கையில் கிடைத்தாலும் வேன் சாவியை உங்களிடமிருந்து பிடுங்கி வைத்தால் அவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

லாரியை மட்டும் நம்பி இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வழியில் எங்கே மண் சரிந்து நிற்குமோ, யார் கண்டது? நாளை முதல் பஸ்ஸில் மலையடிவாரப் பாலம் வரைக்கும் வருகிறேன். அதற்கு மேல் முகாம் வண்டிகளைத் தவிர வேறெதையும் விடுவதில்லை என்கிறார்கள். நடக்கிறவனைத் தடுக்க மாட்டார்கள். முப்பது கிலோமீட்டர் ஏற்றம். விழுந்து எழுந்தாவது வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன்.

தங்கச்சி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். பிள்ளை இரண்டு காதும் கேட்கப் பிறக்கட்டும். மாப்பிள்ளை, இத்தனைக்கும் பிறகு இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராமல், வேனை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். ஓரமாக நடக்க மாட்டேன். நடு ரோட்டில்தான் நடந்து வருவேன். தூரத்திலேயே என்னைப் பார்த்து நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், எனக்குக் கேட்காது.

உங்கள்
மச்சான்