குமிழி நடுவில்தான் நிற்கிறது

அரிசோனா, ஜனவரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜனெலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் குட்டி மேவும் அந்த நியூசிலாந்து வெயிலில் கருகாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம்தான், வண்டிக்குத்தான் சௌக்கியமில்லை. போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கிழவன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த வண்டியில் முன் சீட்டில் பேசுவது பின் கட்டில் வரைக்கும் கேட்கும், ஜன்னல் திறந்திருந்தால் எதிர் வண்டிக்காரன் காதிலும் விழும், இது அவன் காதில் விழக்கூடாத விஷயம்.

நம்ம மோட்டார் ஹோமுக்கு என்ன வயசு என்று உனக்கே தெரியும், நீ காலேஜில் இருந்தபோதே அது பழசு. அடியில் நாலு மூலைக்கும் நாலு ஜாக்கிக் கால் இருக்கிறதல்லவா, பட்டனை அழுத்தினால் பம்ப் எண்ணெயைத் தள்ளி, கால்களை மண்ணில் ஊன்றி வண்டியை மட்டமாக நிறுத்துமே, அதில் இடது பின்கால் போன மாதம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. ராத்திரி நேராகப் படுத்தால் காலையில் ரெண்டு பேரும் இடது சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு எழுந்தோம். மட்டமில்லாமல் நின்றால் இந்தப் பழைய ஃப்ரிட்ஜும் ஓடாது, ஓடினாலும் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் உடனே ரிப்பேர் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அங்கேதான் வெண்டல் உள்ளே நுழைந்தான்.

வெண்டல் எதிர் வண்டிக்காரன், ஓக்லஹோமாவில் டிராக்டர் ரிப்பேர் பார்த்தவன், பெண்டாட்டி பேர் ட்வைலா. யூமா டவுன் வரைக்கும் எதுக்குய்யா இந்தக் கிழட்டு வண்டியை ஓட்டிட்டுப் போற, நானே பாத்துத் தரேன் என்றான். சரி என்றேன். மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் படுத்தான், வால்வைக் கழற்றினான், நைந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றினான், புது எண்ணெய் ஊற்றி குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினான். என்ன வேணும் என்று கேட்டேன். உன் பொண்டாட்டி ஆர்லிஸ் கையால ஒரு ஆப்பிள் பை போதும் என்றான். அங்கேதான் எனக்கு இடித்தது. ஆதாயம் இல்லாமல் எவனும் அடுத்தவன் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுக்க மாட்டான் ஜனெல். நம்ம இடத்தில் ஒரு மெஸ்கீட் மரம் நிழல் தருகிறது, மோட்டார் ஹோம்கள் நிறுத்துகிற இந்தப் பார்க்கிலேயே நிழலுள்ள இடம் அது ஒன்றுதான். அடுத்த வருஷமும் இங்கதான் நிறுத்துவீங்களா என்று அவன் என்னிடம் இதுவரைக்கும் ரெண்டு தடவை கேட்டுவிட்டான்.

அப்பாவுக்கு எல்லாரும் திருடன்தான் என்று நீ சிரிப்பாய், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். தெற்கு டகோட்டாவில் தானியக் கிடங்கின் எடை மேடையில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். ஈர சோயாவை அடியில் கொட்டி மேலே காய்ந்ததைத் தூவிக்கொண்டு வந்தவனைப் பார்த்திருக்கிறேன். தானியத்தோடு எடை போடும்போது பெண்டாட்டியையும் நாயையும் லாரியிலேயே உட்கார வைத்து, காலி லாரியை எடை போடும்போது ரெண்டு பேரையும் நைசாக இறக்கிவிட்டவனைப் பார்த்திருக்கிறேன், அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு முன் வரிசை. மனுஷன் பொய் சொல்வான், மேடை சொல்லாது, நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிப்பேர் முடிந்தது என்று வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான், ஆனால் வண்டி சாய்வது நிற்கவில்லை. டெல்மர், இன்னும் இடப்பக்கம் இழுக்குது என்று அம்மா மறுநாளே சொல்லிவிட்டாள். காபிக் கோப்பை அவள் இடது கையிலிருந்து நழுவி உடைந்தது, நீ வாங்கிக்கொடுத்த நீலப் பூப்போட்டதுதான், அவளிடம் கேட்காதே, அழுகிறாள். குளியலறைக் கதவில் இடது தோளை இடித்து இடித்து நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது. அவள் சுட்ட ஆப்பிள் பை ஒரு பக்கம் மொத்தை, இன்னொரு பக்கம் காகிதம். நடக்கும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் அந்தப் பக்கத்து விளக்கு எரியணும். அப்படியென்றால் விளக்கையே பொய் சொல்ல வைத்திருக்கிறான். அந்த விளக்குக்கு மட்டம் பார்த்துச் சொல்கிற பெட்டியை அவன் திறந்து திருகாணியைத் திருகினதை நான் என் கண்ணால் பார்த்தேன், சரி பண்றேன் என்றான், யாருக்குச் சரி என்று அவன் சொல்லவில்லை.

என் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது. அந்த ரசமட்டத்தை அவனுக்கு இரவல் கொடுத்திருந்தேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதிலும் குமிழி நடுவில்தான். இப்போதெல்லாம் எங்கே எவன் ஒழுங்காகச் செய்கிறான், அதையும் நான் நம்பவில்லை. போன வெள்ளிக்கிழமை பார்க் ஹாலில் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சாப்பிட்டோம், அங்கேயும் அம்மா, இந்தத் தரையும் இடப்பக்கம் சரியுது பாரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஹாலைக் கட்டினவனும் ஏமாற்றுக்காரன்தான், சந்தேகமே இல்லை.

இன்னும் கேள். நேற்று விடிந்தும் விடியாமல் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன், நம்ம வாசல் படியண்டை வெண்டல் குனிந்துகொண்டு நிற்கிறான். நான் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் போய்விட்டான். மண்ணில் அவன் பூட்ஸ் தடம் அப்படியே இருக்கிறது. மெதுவாக ஜாக்கிக் காலில் இருக்கிற வால்வைத் தளர்த்திவிட்டால் வண்டி சாய்ந்துகொண்டே இருக்கும், நாங்கள் சலித்துப்போய் இடத்தைக் காலி பண்ணுவோம், மரத்தடியில் அவன் நாற்காலி போட்டுக்கொள்வான், கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா? அவன் கணக்குக்கு நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப்போய், நாலு ஜாக்கியிலும் பளபளவென்று இருக்கிற அந்தத் தண்டு மேலே குழலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன். தண்டு ஒரு நூல் உள்ளே போனாலும் கோடு மறைந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

சனிக்கிழமை

மேலே எழுதினதையெல்லாம் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். அப்படியே இருக்கட்டும், உங்கப்பன் எப்படிப்பட்ட மடையன் என்று நீ உள்ளபடியே தெரிந்துகொள்.

கோடு நகரவே இல்லை ஜனெல். புதன்கிழமை பார்த்தேன், வியாழக்கிழமையும் பார்த்தேன், நாலு காலிலும் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. ஆனால் வியாழக்கிழமை காலையில் அம்மா, இன்னிக்கு ரொம்ப சாயுது டெல்மர், நிக்கவே முடியல என்றாள். நான் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்தேன், விளிம்புவரைக்கும் தண்ணீர் சமமாக நின்றது. பாரு, இடப்பக்கம் வழியப்போகுது என்கிறாள் அவள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பிடித்த முயலுக்கு மூணே கால் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வெண்டலைத் தேடிப் போனேன்.

அவன் ஷஃபிள்போர்டு களத்தில் இருந்தான். நீ வந்தபோது மேவ் அந்த வட்டத் தட்டைக் கோலால் தள்ளி விளையாடினாளே, அந்த நீளமான சிமெண்டுத் தளம்தான். இந்தப் பார்க்கில் அதைவிடச் சமமான தரை கிடையாது, துளி சாய்வு இருந்தால்கூட தட்டு ஒரு பக்கம் ஓடிவிடும், ஆடுகிற கிழவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். என்னய்யா பண்ணித் தொலைச்ச என் வண்டிய என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். அவன் கோலைக் கீழே வைத்தான். வண்டி போன வாரமே சரியாயிடுச்சுய்யா டெல்மர் என்றான், அதையும் மெல்லச் சொன்னான். அப்ப என் பொண்டாட்டி பொய் சொல்றாளா என்று கேட்டேன். அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

நான் போடுகிற சத்தத்தைக் கேட்டு உங்கம்மா என்னைத் திட்டுவதற்காக வந்துகொண்டிருந்தாள். நிறுத்து டெல்மர், மானத்த வாங்காத என்று சொல்லிக்கொண்டே களத்தின் மேலே, நடுவில் போட்டிருக்கிற கறுப்புக் கோட்டின் மேலேயே நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தாள். நேராக வருவதாகத்தான் அவளுக்கு நினைப்பு. கோட்டைவிட்டு விலகினாள், இன்னும் விலகினாள், சிமெண்டு முடிந்து சரளைக்கல்லில் கால் வைத்துவிட்டாள். அங்கே சுவரே இல்லை, ஆனால் இல்லாத சுவரைப் பிடிக்க இடது கையை நீட்டினாள். வெண்டல்தான் ஓடிப் பிடித்தான். நான் ஸ்பேனரோடு மரம் மாதிரி நின்றேன்.

தரை சாயல, இல்ல டெல்மர், என்று கேட்டாள். நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அவள் நீட்டின கையைப் பிடித்துக்கொண்டேன்.

விடிகாலையில் அவன் குனிந்து நின்றது எதற்குத் தெரியுமா? நம்ம படியின் கைப்பிடிக் கம்பி ஆடிக்கொண்டிருந்ததாம், ரெண்டு புதுத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறான். அவங்க இறங்கறப்ப இடப்பக்கம் சாயறாங்க, நானும் ட்வைலாவும் பாத்துக்கிட்டே இருந்தோம், உன்கிட்ட சொன்னா நீ கேப்பியாய்யா, இதோ இப்படித்தான் எதையாவது தூக்கிட்டு வருவ என்றான். அது நியாயம்தான். அடுத்த வருஷமும் இருப்பீர்களா என்று கேட்டது, ஆப்பிள் பைக்காகவும் டாமினோ ஆட்டத்துக்காகவும் கேட்டதாம். அதை மட்டும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

ட்வைலாதான் காரை ஓட்டினாள். யூமாவில் டாக்டர் அம்மாவை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், தலையைப் படம் எடுத்தார்கள். திங்கட்கிழமை வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்றார். பயப்படறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன் என்றும் சொன்னார், ஆனால் ஈர சோயாவைக் காய்ந்தது என்று சொல்ல வந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. விளக்கைச் சந்தேகப்பட்டேன், ரசமட்டத்தைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரன், கொத்தனார், வெண்டல், ஒருத்தரையும் விடவில்லை. மேடை சொன்னதை மட்டுமே நம்பி வாழ்ந்தவன், குமிழி நடுவில்தான் நிற்கிறது என்று தினமும் கண்ணால் பார்த்தும் அதை நம்பவில்லை. உங்கம்மா சாயுது என்றாள், அதனால் சாய்கிறது. அவள் சொல்லைச் சந்தேகப்படலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தோன்றினதில்லை. பயமாக இருக்கிறது கண்ணு, ரொம்பப் பயமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் அம்மா ட்வைலா வண்டிக்குப் போயிருந்தபோது நான் பட்டனை அழுத்தி இடது ஜாக்கிக் கால்கள் ரெண்டையும் நீட்டி அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். வலது பக்கத்து மஞ்சள் விளக்கு எரிந்தது, அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு பாலையும் வெண்ணெயையும் வெண்டலிடம் கொடுத்தேன், ஏன் என்று அவன் கேட்கவில்லை. திரும்பி வந்த அம்மா அடுப்பு மேடையைப் பிடிக்காமல் நடந்தாள், ரெண்டு கையிலும் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். வெண்டல் ஒருவழியா சரி பண்ணிட்டான் பாத்தியா என்றாள். ஆமாம் என்றேன். தெரிந்துதான் சொன்னாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம். இன்றைக்குக் காலையில் முட்டை சட்டியில் வலப்பக்கம் ஓடிப்போய் அங்கேயே வெந்தது, அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, சாப்பிட்டோம்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் போனில் பேசியிருப்பேன், பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன். டகோட்டாக்காரன் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்காதே, லீவு கேட்டுக்கொண்டு வா. மேவையும் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளையை ஈரத்தில் கூரைமேல் ஏற வேண்டாம் என்று சொல், அவருக்கு ஏணி பிடிக்கத் தெரியாது. உங்கள் மூன்று பேரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், குழந்தைக்குத் தாத்தாவின் முத்தம்.

ஒன்று மறக்காதே. உள்ளே ஏறினதும் உனக்கு வலப்பக்கம் இழுக்கும், கால் தடுமாறும். கம்பியைப் பிடித்துக்கொள், வெண்டல் இறுக்கினது, நன்றாகவே தாங்கும். வண்டி சாய்ந்திருக்கிறது அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
டெல்மர்