அப்பா குடிக்கும் வேர்ப்பொடி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், உன் அப்பா சௌக்கியத்தையும் தாண்டிப் போய்விட்டார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று எழுது.

அப்பா சோர்ந்து சோர்ந்து படுக்கிறார் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் போனில் சொல்ல, நீயும் தெம்பு வரும் என்று அமுக்கரா வேர்ப்பொடி அனுப்பினாய். டப்பாவைத் திறந்தால் குதிரை லாய வாடை. காலையில் ஒரு ஸ்பூனை வெந்நீரில் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேலையில் இருந்தவரை லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் தட்டிய மனிதர், இப்போது தெருவில் காரைத் தள்ளுகிறார், அதுவும் நன்றாக ஓடுகிற காரை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரைக் காரோடு தெருமுனையில் கொண்டுபோய் விட்டுவிட்டார், பாவம் அவர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார். மாடி வீட்டுத் தையல்காரி வீடு காலி செய்யவேயில்லை, அவள் பிரிட்ஜைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். எதுக்குங்க என்று அவள் கேட்டதற்கு, இறக்கினாத்தானேம்மா திரும்ப ஏத்த முடியும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பொடி வேலை செய்யுதாப்பா என்று கேட்டதும் என்னை நாற்காலியோடு தூக்கிக் காட்டினாரே, நீயும் கைதட்டிச் சிரித்தாயே, நீ போனை வைத்தபிறகு நடந்ததைக் கேள். என்னை இறக்கிய இடத்திலேயே தரையில் சாய்ந்துவிட்டார், முகமெல்லாம் வேர்வை, கைகால் வெடவெடவென்று நடுங்குகிறது, எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லுங்க, இந்தப் பொடியால ஏதாவது தெம்பு வந்துச்சா என்று உலுக்கினேன். கடுகளவும் வரலை, ஆனா புள்ள அவ்வளவு தூரத்துலேர்ந்து ஆசையா அனுப்பியிருக்கா, வேலை செய்யலைன்னு எப்படிச் சொல்றது, அதான் அதோட வேலையை நானே செஞ்சிட்டிருக்கேன் என்கிறார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, இப்படியே ஆடினால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டுவிட்டார். நேற்று உன் இரண்டாவது டப்பா வேறு வந்து இறங்கியிருக்கிறது, முதலாவதைவிடப் பெரியது. அதை மடியில் வைத்துக்கொண்டு பீரோவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், நன்றாகத் தூக்கம் வரவழைக்கிற வேர் என்று சொல்லி ஏதாவது ஒரு டப்பா அனுப்பு. உள்ளே வெறும் உமி இருந்தாலும் போதும், நீ அனுப்பியது என்றால் அசையாமல் படுத்துக் கிடந்து அதை அவர் வேலை செய்ய வைத்துவிடுவார்.

உன் அம்மா