கித்துள் மர வளைவில் ஒழுகும் எண்ணெய்

றப்பர் ஸ்டோர்,
கஹவத்தை.
5.9.1932, திங்கள்

அன்புள்ள மச்சான் ஸஹாப்தீனுக்கு காமில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். அதற்கு மேல் விசாரிக்க இன்றைக்கு நேரமில்லை. தபாலில் போடப் பயந்து, இரத்தினபுரிக்குச் சாமான் எடுக்க வருகிற கடைக்காரர் கபூர் நானா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசித்த கையோடு உன் பிரக்கிராசியார் ஐயாவிடம் கொடு. சின்னத்தம்பிக்காக அவர் ஆஜராகிற கொலை வழக்கு விஷயம். வரும் வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்த மனிசனுக்குத் தூக்குத்தான். பெரிதுபடுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் அப்படிச் சொல்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

வழக்குக் கடதாசிகளைப் பிரதி எடுத்தவன் நீ. மே மாதம் இந்தத் தோட்டத்துச் சின்னத்தம்பியின் பெண்சாதி சின்னம்மா காணாமல் போனாள். முதல்நாள் இருவருக்கும் சண்டை. ஓடைக்கரையில் அவள் தலையில் கட்டுகிற துண்டு இரத்தக் கறையோடு கிடந்தது. சிவப்புக் கரை, ஒரு பக்கக் கரை கிழிந்து போயிருந்தது. புருஷன்தான் கொன்று ஆற்றில் விட்டான் என்று பொலீஸ் கொண்டுபோய்விட்டது. அந்தக் கிழிந்த கரை எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

ஜூனில் சீமைக்குத் திரும்பிப் போன எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போனான். றப்பர் விலை விழுந்ததால் பெரிய துரை தேவையில்லாததை எல்லாம் விற்கிறார். வாங்குகிறவன் வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து லொறி கொண்டு வருகிறான். அதற்குள் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுவதை நிறுத்தித் தா என்று பெரிய கிளாக்கர் மெக்கானிக் பாஸான என்னிடம் ஒப்படைத்தார். அரை நாள் வேலை என்று நினைத்தேன். எட்டு நாள் தின்றுவிட்டது.

எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருப்பதில்லை. ஓடும்போது காற்று அதை இழுத்துப் பின்னால் பூசிவிடும். அதனால் மண்ணெண்ணெய் விட்டு எல்லாவற்றையும் கழுவினேன். சிலிண்டர் அடியில் புது கேஸ்கட் வெட்டிப் போட்டேன், அடி நட்டுக்குப் புது வாசர் போட்டேன். ஸ்டோரில் நிறுத்தினால் ஒரு சொட்டு இல்லை. தொழிற்சாலை ரோட்டில் மூன்று தடவை போய் வந்தேன், காய்ந்துதான் இருந்தது. ஓடைக்கு இறங்குகிற ரோட்டில் கித்துள் பனைமரம் நிற்கிற வளைவுக்குப் போனால் மட்டும் எஞ்சின் நின்றுவிடும், ஒழுகும். மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும் அதே இடம்.

அந்த இடத்தை நீ பார்க்கவேண்டும். பட்டப்பகலிலும் றப்பர் மரங்களுக்குக் கீழே பச்சை இருட்டு. வெயிலில் காய்கள் வெடிக்கிற சத்தம், யாரோ விரலைச் சொடுக்குவது மாதிரி, ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை முதுகுக்குப் பின்னால். லயத்தில் குடியிருக்கிற கூலி ஆட்கள் அந்த வளைவில் ரோட்டை விட்டு இறங்கி மேட்டால் சுற்றிப் போகிறார்கள். ஏன் என்று கேட்டேன். கால் கூசுதுங்க பாஸ் என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் குந்தியிருந்து பார்க்கப் பார்க்க எண்ணெய் நிதானமாக, எண்ணிவிட்ட மாதிரி, ஒரே கல்லின் மேல் விழுந்தது.

கழுவின எஞ்சினுக்கு வெள்ளைத் தூள் பூசி ஓட்டினால் கசிவு தொடங்குகிற இடத்திலிருந்து கறுப்புக் கோடு இறங்கும். கொழும்பு வேர்க்‌ஷொப்பில் இதுதான் வழக்கம். இங்கே தூளுக்கு எங்கே போவது? கோதுமை மா ஈரத்தில் கட்டிபட்டுவிட்டது. ஸ்டோர் கூட்டுகிற கருப்பாயியிடம் நைசான தூள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். காணாமல் போனவளின் அக்கா அவள் என்று அப்போது எனக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில் திருநீற்றை ஒரு தகர டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். தூள் தூள்தானே என்று வாங்கி, எஞ்சின் முழுக்கப் பூசினேன். மச்சான், புத்தி கெட்ட வேலை. துலுக்க பாஸ் மிசினுக்குத் துன்னூறு போட்டுச் செத்தவளைக் கூப்பிடுறார் என்று லயம் முழுக்கக் கதை பரவிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மரங்களுக்கு இடையில் றப்பர் பால் வாளியோடு ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். வளைவில் எஞ்சின் நின்றது. வெள்ளைச் சாம்பலில் ஒரு கறுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. முன்பக்கம், இடது புறம், அடியில்.

மேலே பூசியிருந்த பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். சின்னவிரல் நீளத்துக்கு வெடிப்பு. சுற்றிலும் இரும்பு உள்ளே குழிந்திருந்தது. வெடிப்புக்குள் றப்பர் பாலில் தோய்த்து அடைத்த துணி. றப்பர் தோட்டத்தில் எந்த ஓட்டைக்கும் பால்தான் மருந்து. எண்ணெய் பட்டால் றப்பர் ஊறிக் கரையும் என்று இவர்களுக்கு யார் சொல்வது? மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. இறக்கத்தில் எண்ணெய் முன்பக்கம் சேரும், அதனால் அங்கே மட்டும் ஒழுகுகிறது. முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் ஏன் ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிற்கிறது என்பதற்கு இன்னும் எனக்குக் காரணம் தெரியாது.

துணியின் நுனியைக் கத்தியால் நெம்பினேன். சிவப்புக் கரை.

அதைப் பார்த்ததும் பால் சுமக்கிற கன்னையா ரோட்டில் விழுந்து, என் காலை விட்டுவிட்டு மிசினின் சக்கரச் சில்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆத்தா, நான் இடிக்கல, தொரதான் இடிச்சாரு என்று அழுதான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான். சின்னத்துரை வளைவில் அவளை மோதினான், எஞ்சின் கல்லில் அடிபட்டு எண்ணெய் கொட்டியது. அடைடா என்று துரை கத்த, அவள் துண்டைக் கிழித்துப் பாலில் முக்கி அடைத்தது கன்னையா. பிறகு இருவருமாக அவளை ஓடைக்கு அப்பால், மாணிக்கக் கல் தோண்டிக் கைவிட்ட குழியில் இறக்கியிருக்கிறார்கள். சின்னம்மா தண்ணி கேட்டாங்க சாமி என்றான். குழியில் போடும்போது மூச்சு இருந்ததா என்று கேட்டேன். அவன் சில்லில் தலையை முட்டிக்கொண்டான். கூட்டத்தில் கருப்பாயி மட்டும் அசையாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னையாவைப் பெரிய துரையின் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, காய்ச்சலில் பிதற்றினேன் என்கிறான். பார்த்த அறுபது பேரும் இப்போது ஒன்றும் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது அந்தத் துணி மட்டும்தான்.

அதை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் நானே வைத்தேன் என்பார்கள். எஞ்சினுக்குள் இருக்கிறபடியே ஐயாவும் கோர்ட்டு ஆளும் பார்க்கவேண்டும், கோர்ட்டில் இருக்கிற துண்டோடு கிழிசலைப் பொருத்திப் பார்க்கவேண்டும். மேலே கிரீஸ் அப்பி மூடி வைத்திருக்கிறேன். வேலை முடியவில்லை என்று கிளாக்கரிடம் சாக்குச் சொல்கிறேன். எங்கே ஒழுகுதென்று கண்டுபிடிச்சாச்சா என்று நேற்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். இன்று காலை ஸ்டோரைத் திறந்தால் எஞ்சினில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை, யாரோ சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மற்றச் சாவி கிளாக்கரிடம். கிரீஸில் கை படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கும் படாமல் இருக்குமா தெரியாது.

வியாழக்கிழமைக்குள் வாருங்கள். நான் ஸ்டோரில் இல்லாவிட்டாலும் என்னைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரே மிசினிடம் போங்கள். கருப்பாயியைக் கேட்டால் மாணிக்கக் குழியைக் காட்டுவாள்.

உன் தங்கச்சி நூரியாவுக்கு இது மாதம் எட்டு. அவளிடம் இதில் ஒரு எழுத்தும் சொல்லாதே. நல்ல சாப்பாடு, வேலை லேசு என்று சொல். மகன் பிறந்தால் காதில் பாங்கு சொல்ல மாமாவாகிய நீ பக்கத்தில் இரு.

அல்லாஹ் உன் பயணத்தை இலேசாக்கி, லொறிக்கு முன்னால் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்ப்பானாக.

உன் மச்சான்,
காமில்